எலும்பு முறிவும் காப்பீட்டுக் கழிவும்: மருமகனுக்கு



சாலை விபத்தில் காயமடைந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒருவர், மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் பெருந்தொகையைத் தாமே கட்ட நேர்ந்தது ஏன் என்று கேட்பது இயல்பு. அதற்கான விடையின் ஒரு பகுதி மருத்துவமனையின் பில்லிலும், ஒரு பகுதி காப்பீட்டு நிறுவனத்தின் கெடுபிடியிலும், பெரும்பகுதி யாரும் படிக்காமல் கையெழுத்திட்ட பாலிசி வாசகத்திலும் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலுத்தியுள்ளனர், 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது இவ்வளவு இறங்கியிருப்பது பெரிய மாற்றமே என்றாலும், இன்னும் கையிலிருந்தே போகும் இந்தப் பங்கில் காப்பீடு இல்லாதவர்களின் செலவோடு காப்பீடு உள்ளவர்கள் கட்டிய மிச்சத் தொகையும் கலந்திருக்கிறது. எனவே கழிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயையும் மோசடி என்று கொதிக்காமலும், தலையெழுத்து என்று விட்டுவிடாமலும், கிளைம் தீர்வுக் கடிதத்தில் எந்தக் கழிவு ஒப்பந்தப்படி சரியானது, எது எதிர்த்துக் கேட்கத்தக்கது என்று வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பதே இப்போது செய்ய வேண்டிய வேலை.

கழிவுகளில் மிகப் பெரியதும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அறை வாடகை வரம்பினால் வருவதாகும். பல பாலிசிகள் ஒரு நாள் அறை வாடகையைக் காப்புத் தொகையில், அதாவது ஓராண்டில் நிறுவனம் தருவதாக ஒப்புக்கொண்ட உச்சத் தொகையில், 1 விழுக்காட்டுக்கு மேல் தருவதில்லை. 3 லட்ச ரூபாய்ப் பாலிசியில் இது நாளொன்றுக்கு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் வாடகையுள்ள அறையில் நான்கு நாள் தங்கிய நோயாளி, கூடுதலான 12,000 ரூபாயைக் கட்டினால் போதும் என்றே எண்ணுவார். ஆனால் விகிதாசாரக் கழிவு என்னும் விதி, தகுதிக்கு மேற்பட்ட அறையில் தங்கியவரின் அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவற்றையும் அதே விகிதத்தில், இந்த எடுத்துக்காட்டில் சரிபாதியாக, வெட்டிவிடுகிறது. இம்மூன்றும் சேர்ந்து 1 லட்சம் என்று கொண்டால் நிறுவனம் 50,000 மட்டுமே தரும், நோயாளியின் சுமை 62,000 ரூபாயாகிவிடும். ஒரே அறுவைச் சிகிச்சைக்குப் பொது வார்டில் ஒரு கட்டணமும் தனி அறையில் இன்னொரு கட்டணமும் வாங்கும் வழக்கம் பல மருத்துவமனைகளில் இருப்பதுதான் இவ்விதிக்குச் சொல்லப்படும் காரணம். அட்மிஷன் கவுன்டரில் அறையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். பதறி ஓடிவந்த உறவினர். அவர் பார்ப்பது ஏசி இருக்கிறதா, உடனிருப்பவர் படுக்கக் கட்டில் இருக்கிறதா என்பதைத்தான்; அந்தக் கட்டிலின் விலை ஐம்பதாயிரம் என்று அவருக்கு அங்கே யாரும் சொல்வதில்லை.

ஆயினும் இந்த வெட்டுக்கும் எல்லை உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2020இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, மருந்து, பயன்படுத்தி எறியும் பொருள்கள், உடலில் பொருத்தப்படும் பிளேட், ராடு போன்ற சாதனங்கள், எக்ஸ்ரே, ஸ்கேன் முதலிய பரிசோதனைகள் ஆகியவற்றின் விலையை விகிதாசாரக் கழிவுக்கு உட்படுத்தக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்துக்கும் அது பொருந்தாது. அறையின் தரத்துக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளில் அந்தக் கழிவே கூடாது. பாலிசியிலும் இதே வாசகம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, தீர்வுக் கடிதத்தில் பிளேட்டின் விலையோ மருந்துக் கடை பில்லோ பாதியாக்கப்பட்டிருந்தால் அதை அடிக்கோடிட்டு வைக்க. எல்லா அறைகளுக்கும் ஒரே கட்டணம் என்பது அந்த மருத்துவமனையின் நடைமுறையாக இருந்தால், அதை அவர்களின் லெட்டர்பேடில் எழுதி வாங்குக. எதிர்வாதத்தில் அதைவிட வலுவான தாள் வேறில்லை.

அடுத்த கழிவு தொகையில் சிறியது, எரிச்சலில் பெரியது. பாலிசியின் பின்னிணைப்பில், காப்பீடு செலுத்தாத பொருள்கள் என்று அறுபதுக்கு மேற்பட்டவை பட்டியலிடப்பட்டிருக்கும். தொலைபேசிக் கட்டணம், துணி வெளுப்பு, பார்வையாளர் உணவு போன்றவை அதில் இருப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் கையுறை, கிரேப் பேண்டேஜ், கைத்தொட்டில், ஸ்பிளின்ட், முழங்கால் பிரேஸ், இடுப்புப் பெல்ட், கழுத்துப் பட்டை, ஊன்றி நடக்கும் சாதனங்கள் ஆகியவையும் அதே பட்டியலில் நிற்கின்றன. காய்ச்சலுக்குப் படுத்தவருக்கு இவற்றில் ஒன்றும் தேவைப்படாது. எலும்பு முறிந்தவருக்கு ஏறக்குறைய அனைத்தும் தேவைப்படும். விபத்துக்கும் சேர்த்துத்தான் காப்பீடு என்று விற்றுவிட்டு, விபத்துக்கே உரிய பொருள்களை வெளியே நிறுத்துவது ஒப்பந்தப்படி செல்லுமே தவிர நியாயப்படி செல்லாது. கையெழுத்திட்ட பாலிசியில் இதை எதிர்த்து வாதிட்டுப் பயனில்லை. அடுத்த புதுப்பிப்பின்போது, இப்பொருள்களையும் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் காப்பு ஒன்றைச் சிறு பிரீமியத்துக்கு வாங்கலாம்.

எலும்பு முறிவின் செலவு டிஸ்சார்ஜோடு முடிவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், வெளியேறியதற்குப் பிந்தைய 60 நாள் என்ற அளவில் பல பாலிசிகள் அது தொடர்பான செலவைத் திருப்பித் தருகின்றன. சில பாலிசிகளில் இந்தக் காலம் நீளும். பிசியோதெரபி தேவை என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியிலோ மருத்துவரின் சீட்டிலோ எத்தனை வாரம் என்பதோடு எழுதி வாங்கி, ஒவ்வொரு அமர்வுக்கும் ரசீது பெற்றால் இந்தக் காலத்துக்குள் ஆன செலவில் பெரும்பகுதியைக் கேட்க முடியும். எழுதாத சிகிச்சைக்குப் பணம் வராது. எக்ஸ்ரே படங்கள், பிளேட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய பில், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) நகல், காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால் முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றின் மூலங்களை நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்க. மாவுக்கட்டு மட்டும் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் நிலை வேறு: 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி, பாலிசியில் பெயர் சொல்லப்பட்ட ஒருநாள் சிகிச்சைகளே அதற்கு விலக்கு.

இருசக்கர வாகனத்தின் காப்பீட்டிலேயே 15 லட்சம் இருக்கிறதே என்பது பலரிடமும் காணப்படும் தவறான நம்பிக்கை. வாகன உரிமையாளரான ஓட்டுநருக்குக் கட்டாயமாக்கப்பட்ட அந்தத் தனிநபர் விபத்துக் காப்பு, மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பணம் தருவது; முறிந்து கூடிவிட்ட காலின் மருத்துவச் செலவில் அது ஒரு ரூபாயும் தராது. விபத்து வேறொரு வாகனத்தின் தவறால் நேர்ந்திருந்தால், அந்த வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டின்மீது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், மருத்துவச் செலவையும் இழந்த சம்பளத்தையும் வலியையும் சேர்த்து இழப்பீடு கோரலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாத வரம்பு வைத்திருக்கிறது. அவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும், அந்த வழக்கை நம்பிக் காலம் தாழ்த்துவது அறிவுடைமை ஆகாது.

விபத்து நேர்ந்த உடனடிக் காலத்துக்கென அரசுத் திட்டங்கள் இரண்டு இருப்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருப்பது நல்லது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தின்படி, மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு, அவர் எந்த மாநிலத்தவராயினும் வருமானம் எவ்வளவாயினும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் இதற்கு ஒருவருக்கு 1 லட்ச ரூபாய் என வரம்பு வகுக்கப்பட்டது. ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டம், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை 1.5 லட்ச ரூபாய் அளவுக்குப் பணமில்லாச் சிகிச்சை தருகிறது. இவையன்றி, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பு உண்டு. தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் இவை எல்லாமே ஏழைகளுக்கானவை என்று எண்ணிக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். முதலிரண்டு திட்டங்களுக்கும் வருமான வரம்பே இல்லை.

வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளைஞருக்கு இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அலுவலகம் தரும் குழுக் காப்பீடு, வேலையை விட்ட அன்றோடு, சில இடங்களில் அந்த மாதக் கடைசியோடு, முடிந்துவிடும். காலில் வைத்த பிளேட்டை எலும்பு கூடிய பின் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அந்த இரண்டாம் அறுவைச் சிகிச்சை ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து வரும். இடையில் வேலை மாறியிருந்தால் அப்போது எந்தப் பாலிசி கைகொடுக்கும் என்பதை இன்றே எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாகத் தனிப் பாலிசி எடுக்கும்போது, அதற்கு முந்தைய 36 மாதங்களில் சிகிச்சை பெற்ற எந்தக் கோளாறும் முன்பே இருந்த நோய் என்ற வகையில் சேரும். அதற்குக் காத்திருப்புக் காலமாக உச்ச அளவில் 3 ஆண்டு வரை நிறுவனம் வைக்கலாம். முறிவை மறைத்து விண்ணப்பித்தால் கிளைம் மட்டுமன்றிப் பாலிசியே போகும். ஆகவே வேலையை விடும் முன்னரே, குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதியைப் பயன்படுத்தி, இதுவரை கழிந்த காத்திருப்புக் காலத்தையும் உடன் கொண்டுசெல்வதே தக்க வழி. அப்போது அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியைத் தேர்க; 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருப்பதால், முன்பு வரியாகப் போன 18 விழுக்காட்டை அந்தக் கூடுதல் பிரீமியத்துக்கு ஈடாகக் கொள்ளலாம்.

கழிவை எதிர்ப்பதற்கான வழி நீண்டதாகத் தோன்றினாலும் செலவற்றது. நிறுவனத்துக்காகக் கிளைமை ஆராயும் இடைமுகவரான டி.பி.ஏ.வின் தொலைபேசி எண்ணில் வாதாடுவதால் பதிவு எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு கழிவுக்கும் பாலிசியின் எந்த விதி அடிப்படை என்று கேட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மனிடம், ஓராண்டுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான பிணக்குகளை விசாரித்து, ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பளிக்க வேண்டும் என்பது விதி. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், அதை 30 நாளில் நிறைவேற்றியாக வேண்டும். கால் கூடும் வரை வீட்டில் இருக்கும் இந்த வாரங்களிலேயே தீர்வுக் கடிதத்தையும் பாலிசியையும் அருகருகே வைத்துப் படித்து, குறைதீர் அலுவலருக்கான முதல் கடிதத்தை அனுப்பிவிடுக.

அன்புடன்,
தாய்மாமன்