செமினாருக்கு ஆள் தேடும்போது

ஜெர்மனியில் ஒரு வரலாற்றுத் துறை. பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போகிறார். அக்டோபரில் குளிர்காலப் பருவம் தொடங்குகிறது. ஜெர்மன் சிந்தனை வரலாறு பற்றிய செமினார் பாட அட்டவணையில் ஏறிவிட்டது. வாரம் இரண்டு பாடநேரம்தான். அதற்குப் பகுதிநேர ஆசிரியர் ஒருவர் வேண்டும். துறைக்கு வழிகள் சில உண்டு. எதைத் தேர்ந்தாலும் வகுப்பு நடந்துவிடும். வகுப்பு முடிந்த பிறகு மாணவருக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பலரும் முதலில் கை வைப்பது 'லேர்அவுஃப்ட்ராக்'. ஒரு பருவத்துக்கு மட்டும் வகுப்பை ஒப்படைக்கும் ஏற்பாடு இது. வழக்கமான வேலை ஒப்பந்தம் கிடையாது. நடத்திய பாடநேரத்துக்குத் தொகை. 14 வாரம், வாரம் 2 என்றால் 28 பாடநேரம். தயாரிப்பும் திருத்தமும் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். வகுப்பில் 25 பேர் இருந்து, ஆளுக்கு 15 பக்கக் கட்டுரை எழுதினால் 375 பக்கம். கட்டுரைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் திருத்தம் மட்டுமே 25 மணி நேரம். அதோடு, குளிர்காலப் பருவம் மார்ச் 31இல் முடிகிறது. கட்டுரைகள் வந்து குவிவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். ஒப்பந்தம் முடிந்தவரின் மேஜையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

சட்டத்தின் நோக்கப்படி லேர்அவுஃப்ட்ராக் பாடத்திட்டத்துக்குத் துணை சேர்ப்பதற்கானது. ஆவணக் காப்பகத்திலோ பதிப்பகத்திலோ நிலையான வேலையில் இருப்பவர், தன் அனுபவத்தை ஒரு பருவம் பகிர்ந்துகொள்ள வந்தால் இது மிகப் பொருத்தம். மார்பாக் இலக்கிய ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் பிரதிகளோடு பழகும் ஒருவர் தருவதை முழுநேரப் பேராசிரியராலும் தர முடியாது. ஆனால் பிழைப்புக்கே இதை நம்பியிருப்பவரை ஆண்டுக்கணக்கில் இப்படி ஓட்டுவது அநியாயம்.

இரண்டாவது வழி, பிரிவாட்டோசென்ட். முனைவர் பட்டத்துக்கு மேல் ஹபிலிடேஷனும் முடித்து, தனித்துக் கற்பிக்கும் உரிமை பெற்றவர். அந்தத் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ள அவர் அவ்வப்போது வகுப்பு எடுத்தாக வேண்டும், பெரும்பாலும் ஊதியமின்றி. அதனால்தான் இது நிர்வாகத்தை ஈர்க்கிறது: மிக உயர்ந்த தகுதி, செலவே இல்லை. இந்த வழக்கத்தின் வேர் ஆழமானது. கான்ட் 1755 முதல் 1770 வரை கோனிக்ஸ்பர்கில் இப்படித்தான் இருந்தார். பல்கலைக்கழகச் சம்பளம் இல்லை, கேட்க வந்த மாணவர் கொடுத்த கட்டணம்தான். 1885இல் பெர்லினில் இதே நிலையில் தொடங்கிய சமூகவியலாளர் கேயார்க் ஸிம்மல், 1914இல்தான் ஸ்ட்ராஸ்பர்கில் முழுப் பேராசிரியரானார். இன்று அந்தத் தகுதியோடு வருபவருக்கு ஊதியம் கொடுத்தே அமர்த்த வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறார் என்பது அவரைத் தேர்வதற்கான காரணமாக இருக்கவே கூடாது.

பணம் இருந்தால் மூன்றாவது வழியே நல்லது: அரைநேர ஆய்வுப் பணியிடம். முழுநேரத்துக்கு வாரம் 4 பாடநேரம் என்ற அளவு பல மாநிலங்களில் உண்டு, அரைநேரத்துக்கு 2. அதே ஒரு செமினார்தான். ஆனால் மாதச் சம்பளம், காப்பீடு, மாணவரைச் சந்திக்க ஓர் அறை, திருத்த நேரம், சொந்த ஆய்வு எல்லாம் சேர்ந்து வருகின்றன. இதற்கும் காலக்கெடு உண்டு. 2007இல் வந்த சட்டம், முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று பொதுவான வரம்பு வைத்திருக்கிறது. விண்ணப்பிப்பவரிடம் எத்தனை ஆண்டு மிச்சம் என்று முதல் நாளே கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. கற்பித்தலுக்கென்றே உள்ள அரைநேரப் பணியிடம் இன்னொன்று; மூன்று நான்கு வகுப்புகள் காலியாக இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

ஆளை எப்படித் தேர்வது? வெளியீட்டுப் பட்டியலைவிட மாதிரி வகுப்பு அதிகம் சொல்லும். 'அறிவொளி என்றால் என்ன?' என்ற கான்ட்டின் கட்டுரையைக் கொடுத்து நடத்தச் சொல்லலாம். கான்ட்டின் வாதத்தை மட்டும் விளக்குபவர் நல்ல தத்துவ ஆசிரியர். சிந்தனை வரலாறு தெரிந்தவர் ஒரு படி பின்னால் போவார். 1783 டிசம்பர் 'பெர்லினிஷே மோனாட்ஸ்ஷ்ரிஃப்ட்' இதழில், திருமணத்துக்குத் தேவாலயச் சடங்கு தேவையா என்ற விவாதத்தினிடையே, ஸோல்னர் என்ற பாதிரியார் ஓர் அடிக்குறிப்பில் இதே கேள்வியைக் கேட்டார். 1784 செப்டம்பரில் தத்துவஞானி மெண்டல்ஸோன் பதில் எழுதினார், டிசம்பரில் கான்ட். ஒரு சடங்குச் சண்டையின் அடிக்குறிப்பிலிருந்து உலகப் புகழ்பெற்ற கட்டுரை பிறந்த கதையை மாணவர் கண்முன் கொண்டுவரத் தெரிந்தவர்தான் இந்த வகுப்புக்குரியவர்.

பழைய இதழின் ஒரு பக்கத்தை அப்படியே அச்செடுத்துக் கொடுத்துப் பார்ப்பதும் உதவும். ஃபிராக்டூர் அச்செழுத்தில் நீண்ட 'எஸ்' பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும், குறுக்குக்கோட்டில்தான் வேறுபாடு. புதிய மாணவர் அதில் தடுக்கி விழும்போது, ஆசிரியர் தானே வாசித்துக்காட்டி நகர்கிறாரா, மாணவர் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லை அவரையே எழுத்துக் கூட்ட வைக்கிறாரா என்று தேர்வுக்குழு கவனிக்க வேண்டும்.