கூடுதல் 'பவர்' தரும் பாகங்கள்: காசுக்குத் தகுமா?

ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ஈசியு ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) என்று காருக்குச் செலவழிக்கும் முன்னும் பின்னும் சோதித்துப் பாருங்கள்.

● பாகத்தை மாட்டும் முன்பே பழைய நிலையை அளந்து குறித்துவையுங்கள். அது இல்லாமல் ஒப்பிட வழியில்லை.

● ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். டயர் காற்றழுத்தம், ஏசி, காரிலுள்ள எடை ஆகியவை இரண்டு முறையும் ஒன்றுபோல இருக்கட்டும்.

● மைலேஜ் பார்க்க, ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, வழக்கமான பாதையில் ஓட்டி, மீண்டும் நிரப்புங்கள். உதாரணமாக, ஓடிய 400 கி.மீ.யை நிரப்பிய 25 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 16 கி.மீ. சில முறை செய்து சராசரி எடுங்கள்.

● பவரை அளக்க டைனோ இயந்திரச் சோதனையே நம்பகமானது. முன்னும் பின்னும் ஒரே இயந்திரத்தில், தலா மூன்று ஓட்டமாவது வேண்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் வித்தியாசத்தை விடக் கூடுதல் பவர் குறைவாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

● சத்தம் கூடினால் வேகம் கூடியதாகத் தோன்றும், காதை நம்பாதீர்கள்.

● டர்போ இன்ஜினில் ரீமேப் நல்ல பலன் தரும்; டர்போ இல்லாததில் பலன் சொற்பம்.

● எரிபொருள் மிச்சமாகும் என்று விற்கப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்தது. பலன் தந்தவை மிகச் சிலவே.

● வாரண்டி, இன்சூரன்ஸ் நிபந்தனைகளையும் ஆர்டிஓ விதிகளையும் முதலில் கேட்டறியுங்கள்.

அதே பணத்தில் நல்ல டயரும் முறையான சர்வீஸும் கிடைக்குமானால், அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள்.