வீட்டோர மரத்தை வெட்ட ஆள் அமர்த்தும் முறை

2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய 'கஜா' புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. வீட்டின்மேல் விழுந்த மரங்களும் உண்டு. விராலிமலை வட்டாரத்தில் புளி, வேம்பு, தூங்குமூஞ்சி போன்ற பெரிய மரங்களை வீட்டோரத்தில் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே அவற்றைப் பார்வையிடுவது நல்லது.

வெட்டத்தான் வேண்டுமா?

அடிமரத்தைத் தட்டினால் பொந்து ஓசை கேட்பது, அடியில் காளான் முளைப்பது, மரம் புதிதாகச் சாய்வது, சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் வெடித்து வேர் கிளம்புவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவை இல்லையென்றால் கூரைமேல் நீண்ட கிளைகளைக் கழித்தாலே போதும். புறம்போக்கில் நிற்கும் மரமானால் கிராம நிர்வாக அலுவலரை அணுகி, அனுமதி பெற்ற பிறகே கை வைக்க வேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்த கூலி கேட்பவரை மட்டும் பார்த்து ஒப்படைக்கக் கூடாது. இதே போல வீட்டோரத்தில் அவர் வெட்டிய இடத்தைக் கேட்டு விசாரிக்க வேண்டும். கெட்டியான வடம், இடுப்புக் கயிறு, தலைக்கவசம் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மரத்தை விலைக்கு வாங்குபவர் முழு நீள அடிமரத்தை விரும்பி ஒரேயடியாகச் சாய்க்க முனையலாம். வீட்டோரத்தில் அதற்கு இடம் தரக் கூடாது.

கூலி எவ்வளவு, விறகு யாருக்கு, அடிக்கட்டையைத் தோண்டுவது யார், ஓடு உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொள்வது நல்லது. முழுக் கூலியையும் வேலை முடிந்த பிறகே தர வேண்டும்.

வெட்டும் நாளில்

மின்கம்பி அருகில் சென்றால் மின்வாரிய அலுவலகத்தில் தெரிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். காற்று, மழை உள்ள நாளிலும், மது அருந்தியவரைக் கொண்டும் வெட்டக் கூடாது. வீட்டிலுள்ளோரும் கால்நடைகளும் மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தூரம் விலகியிருக்க வேண்டும்.

முதலில் கிளைகள், பிறகு நுனியிலிருந்து துண்டு துண்டாக அடிமரம் என்பதே முறை. பருத்த கிளையை வடத்தால் மேற்கிளையில் கட்டி, கீழ்ப்புறம் கால் பங்கு அறுத்து, பின் சற்று வெளியே தள்ளி மேற்புறம் அறுக்க வேண்டும். அப்போது பட்டை கிழியாது. கிளையும் கூரையில் மோதாமல் மெல்ல இறங்கும். வெட்டப்படும் கிளையிலேயே ஆள் தன் இடுப்புக் கயிற்றைக் கட்டிக் கொள்ளக் கூடாது.

மயிலைக் கவனியுங்கள்

விராலிமலைக்கு மயிலே சிறப்பு. மயில் இரவில் உயர்ந்த மரத்தில் தங்கும். முட்டையிடுவதோ தரையில், புதர் மறைவில். ஆகவே மரத்தடிப் புதரை முதலில் பார்த்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலுக்கும் அதன் முட்டைக்கும் தீங்கு செய்வது குற்றமாகும்.

உடைந்த ஓட்டை மாற்றிக் கொள்ளலாம். மரமேறிய மனிதரின் உயிரை மீட்க முடியாது. கூலியில் சில நூறு ரூபாய் கூடினாலும் பாதுகாப்பில் குறை வைக்கக் கூடாது.