பேஸ்மென்ட்டுக்கு ஒரு கணப்பு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் சூளையோடு கிடந்தவன் நான். பீங்கான் ஃபியூஸ் கட்டை 1200 டிகிரிக்கு மேல் வேகும்போது சித்திரை வெயிலில் சூளை வாசலில் நின்றிருக்கிறேன். குளிர் காய ஒரு நெருப்பைத் தேடிக் கடை கடையாக ஏறுவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மகன் வீடு டொரான்டோவில், ஸ்கார்பரோ பக்கம். ஜனவரியில் வெளியே மைனஸ் 15. பேஸ்மென்ட்டில் கேரம் போர்டு, டிவி, ஒரு பழைய சோபா. ஒரு மூலையில் யாரோ எப்போதோ கட்டிய செங்கல் கணப்பு. அதிலேயே விறகு போட்டு எரிக்கலாம் என்பது அவன் யோசனை.

எங்கள் ஊரில் சூளை இழுக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி பீடிப் புகையை வாசலில் காட்டுவார். டொரான்டோவில் பீடிக்கு எங்கே போவது? மருமகளிடம் ஊதுபத்தி வாங்கிக் கணப்பின் வாயில் பிடித்தேன். புகை கொஞ்சம் தயங்கிவிட்டு மேலே போனது. "மாடியில அடுப்பு ஃபேனைப் போடும்மா, துணி காயவைக்கிற மிஷினையும் போடு" என்றேன். இரண்டும் ஓட ஆரம்பித்த அரை நிமிஷத்தில் புகை திரும்பி என் முகத்துக்கு வந்தது. மகன் அதற்கப்புறம் விறகு பேச்சை எடுக்கவில்லை.

காரணம் எளிது. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறிக் கூரை இடுக்குகளில் வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழே பேஸ்மென்ட்டில் காற்று உள்ளே இழுபடும். ஃபேன்களும் சேர்ந்து இழுத்தால், குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கிதான் வீட்டுக்கு ஜன்னல். மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கும். சூளை பற்றவைக்கும் முன் புகைபோக்கி அடியில் கொஞ்சம் வைக்கோல் எரித்து இழுவையைக் கிளப்புவோமே, அதே சங்கதிதான். சூளையில் இழுவை கெட்டால் சரக்கு போகும். வீட்டுக்குள் கெட்டால் வருவது கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் உட்ஸ்டாக் நகரில், கேஸ் கணப்பின் புகைவழி அடைத்துக்கொண்டு ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய ஹாக்கின்ஸ் ஜின்யாக் சட்டம்தான் 2014-இல் அந்த மாகாண வீடுகளில் படுக்கையறைக்குப் பக்கத்தில் அலாரத்தைக் கட்டாயமாக்கியது. எந்தக் கணப்பு வாங்கினாலும் முதலில் வாங்க வேண்டியது அந்த அலாரம்.

விறகு இல்லை என்று ஆனதும் கணப்புக் கடைக்குப் போனோம். அங்கே எல்லாரும் தீயின் அழகைப் பார்க்கிறார்கள். காற்று எங்கே நுழைகிறது, புகை எங்கே போகிறது என்று நான் கேட்டதும் விற்பனையாளருக்குக் கொஞ்சம் சலிப்பு. பேஸ்மென்ட்டுக்குப் பொருத்தம் 'டைரக்ட் வென்ட்' கேஸ் கணப்பு. குழாய்க்குள் குழாய்: உள்குழாயில் புகை வெளியே போகும், வெளிக்குழாயில் எரிவதற்கான காற்று வெளியிலிருந்தே வரும். முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடியிருப்பதால் அறைக் காற்றுக்கும் தீக்கும் சம்பந்தமே இல்லை.

மின்சாரக் கணப்பா? 1500 வாட், சாதாரண பிளக், புகைவழி வேண்டாம். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு. 2013 டிசம்பர் உறைபனி மழையில் டொரான்டோவில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டன. மகனும் அந்த இருட்டில் கம்பளிக்குள் கிடந்தவன்தான்.

அதனால் கேஸிலேயே, பற்றவைக்கச் சின்னதாக ஒரு பைலட் சுடர் எரியும் மாடலைக் கேட்டோம். அதை ஆராயும்போது எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம். சூளையில் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள்களையே வரிசையாகக் கோத்துச் சுடரில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வரும் மில்லிவோல்ட் மின்சாரமே கேஸ் வால்வைத் திறக்கிறது. சுவர் மின்சாரம் தேவையே இல்லை, கரண்ட் போனால் சூட்டை அறைக்குள் தள்ளும் காற்றாடி மட்டும் ஓடாது. கோடையில் பைலட்டை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் பில்லில் தெரியும்.

விற்பனையாளர் 40,000 பிடியூ பெட்டியை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். அது கிட்டத்தட்ட 12 கிலோவாட். பேஸ்மென்ட்டைச் சுற்றி இருப்பது மண். நான்கு அடிக்குக் கீழே பனிக்காலத்திலும் அது உறைவதில்லை. வெளியே மைனஸ் 15 என்றாலும் அந்தச் சுவருக்கு அவ்வளவு குளிர் தெரியாது. 400 சதுர அடி அறைக்கு 20,000, அதுவும் தீயைக் குறைத்து வைக்கக்கூடிய மாடல் போதும் என்று உறுதியாக நின்றேன். இப்போது அதையும் பாதியில்தான் வைக்கிறார்கள்.

கண்ணாடி 200 டிகிரியைத் தாண்டும். பேத்திக்கு இரண்டரை வயது. 2015-க்குப் பிறகு வந்தவற்றில் கம்பிவலைத் திரை சேர்ந்தே வரும். அழகைக் கெடுக்கிறது என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். நான் கழற்ற விடவில்லை. உள்ளே எரிவதுபோல் கிடக்கும் கட்டைகள் செராமிக் ஃபைபர். பேத்தியிடம் "இது தாத்தா ஊரு சரக்கு" என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

பொருத்தும் நாளில்தான் எனக்குத் தெரியாத விஷயம் வந்தது. பேஸ்மென்ட் தரைக்குக் கீழே இருப்பதால், குழாய் சுவரைத் துளைத்து வெளிவரும் இடம் மண்ணை ஒட்டியே இருந்தது. லைசென்ஸ் உள்ள கேஸ் டெக்னீஷியன் சரிப்படாது என்று தலையாட்டினார். பனி குவிந்தால் வாய் மூடிக்கொள்ளும். மேல்நோக்கி வளைந்த முனை வாங்கி, பனிமட்டத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றினார். செலவு கூடியது, மகன் முணுமுணுத்தான்.

ஊர் திரும்பிவிட்டேன். டொரான்டோவில் பெரும் பனி என்று செய்தியில் பார்த்தால் போன் போடுவேன். "பைப்பு வாயில பனி சேர்ந்திருக்கான்னு பார்த்தியாடா?" "இப்பதாம்பா, மண்வெட்டியோட வெளியதான் நிக்கிறேன்" என்பான், மூச்சு வாங்கிக்கொண்டே.