வெயிலும் கோழியும்

தோட்டப்புற வீடுகளில் கோழி வளர்ப்போர் பலர் உளர். கடும் வெயில் காயும் பிற்பகலில் கோழிகள் சிறகுகளை அகற்றி, அலகைத் திறந்து, மூச்சிரைத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். சில வேளைகளில், நன்றாக முட்டையிட்டு வந்த கோழியும் மாலைக்குள் மாண்டுவிடுகிறது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் இழப்பைக் குறைக்கலாம்.

நம் உடல் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். கோழிக்கோ 41 பாகைக்கும் மேல். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூச்சிரைத்து ஈரத்தை வெளியேற்றியே அது தன் உடலைப் பெரிதும் குளிர்விக்கிறது.

வெப்பம் உடலுக்குள் என்ன செய்கிறது? முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு கட்டியாகிறது அல்லவா? அதிலுள்ள புரதங்கள் சூட்டினால் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். உடல் வெப்பம் மிகும்போது, உயிருள்ள கோழியின் உயிரணுக்களிலும் புரதங்கள் சிறிது சிறிதாகக் குலையத் தொடங்குகின்றன.

அவ்வேளையில் எச்.எஸ்.பி. 70 எனும் துணைப் புரதம் மிகுதியாக உண்டாகிறது. மணப்பெண்ணை விட்டகலாத தோழியைப்போல், அது குலைந்த புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. மற்றவற்றோடு ஒட்டாமல் காத்து, உரிய வடிவத்தை மீண்டும் பெற உதவுகிறது.

வெப்பத்தால் உயிரணுக்களில் தோன்றும் இத்தகைய எழுச்சியை 1962ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ரித்தோசா பழ ஈக்களில் கண்டறிந்து வெளியிட்டார். கோழியில் இப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் அமைப்பு 1986இல் வெளியாயிற்று. பெரும்பாலான மரபணுக்களின் செய்தியில் இடையிடையே வெட்டி நீக்கவேண்டிய பகுதிகள் இருக்கும். இந்த மரபணுவில் அவை இல்லை. ஆதலால் ஆபத்து வேளையில் புரதம் விரைந்து உருவாகிறது.

எனினும், இப்பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. கோழியின் உடல் வெப்பம் 46, 47 பாகையை எட்டினால் அது பிழைப்பது அரிது. எனவே நாம் செய்ய வேண்டியவை இவை:

1. கோழிக்கூட்டை மரநிழலில், காற்றோட்டமாக அமைக்க வேண்டும். தகரக் கூரையின்மீது ஓலை பரப்பலாம்.

2. குளிர்ந்த, தூய நீர் எப்பொழுதும் இருக்க வேண்டும்.

3. தீனியைக் காலையிலும் மாலையிலும் இட வேண்டும். உண்ட தீனி செரிக்கும்போதும் உடலில் வெப்பம் உண்டாகும்.

4. கூட்டில் கோழிகளை நெருக்கி அடைத்தல் கூடாது.

இயற்கை கோழிக்கு உள்ளே ஒரு துணையை அளித்துள்ளது. நிழலும் நீரும் அளித்து வெளியே துணை நிற்பது வளர்ப்போரின் கடமையாகும்.