விசைத் தொடரைப் பதிந்து பட்டியலைத் திருத்தும் முறை

பள்ளிப் பட்டியல் ஒன்றில் 400 வரிகள் உள்ளன என்றும், ஒவ்வொரு வரியிலும் பெயர் முதலிலும் சேர்க்கை எண் பின்னரும் அமைந்துள்ளன என்றும் கொள்வோம். எண்ணை முன்னே கொணர வேண்டுமாயின் ஒரே வேலையை 400 முறை செய்தல் வேண்டும். சலிப்பு மிகுமிடத்தில் பிழையும் மிகும். ஒரு வரிக்குரிய கட்டளைகளைப் பதிந்துகொண்டு, ஏனைய வரிகளைக் கணினியிடம் விடுவதே இதற்குத் தக்க வழி. இவ்வாறு கோத்த கட்டளைத் தொடர் மேக்ரோ எனப்படும்.

இதற்கு ஏற்ற கருவிகளுள் ஒன்று ஈமாக்ஸ் என்னும் எடிட்டர். 1976-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய இதன் பெயரே, 'எடிட்டர் மேக்ரோக்கள்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். இதனை உருவாக்கியோருள் முதன்மையானவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றபோது அவரும் அவ்விழாவில் பங்கு கொண்டார். ஈமாக்ஸை எவரும் விலையின்றிப் பெறலாம்.

செய்முறை

'மாலதி,12' என்னும் வரியை '12,மாலதி' என மாற்றுவோம். கர்சரை முதல் வரியில் நிறுத்தி, பின்வருவனவற்றை முறையே செய்க:

1. எஃப்3 விசையை அழுத்துக, பதிவு தொடங்கும்.
2. கன்ட்ரோல்-ஏ: கர்சர் வரியின் தொடக்கத்தை அடையும்.
3. கன்ட்ரோல்-எஸ் அழுத்திக் காற்புள்ளியைத் தட்டி, என்டர் அழுத்துக: கர்சர் காற்புள்ளிக்குப் பின் நிற்கும்.
4. கன்ட்ரோல்-கே: எண் வெட்டப்படும். பேக்ஸ்பேஸ்: காற்புள்ளி நீங்கும்.
5. கன்ட்ரோல்-ஏ, பின் கன்ட்ரோல்-ஒய்: எண் முன்னே வந்து சேரும். காற்புள்ளி இடுக.
6. கன்ட்ரோல்-என்: அடுத்த வரிக்குச் செல்க. எஃப்4: பதிவு முடியும்.

மீண்டும் எஃப்4 அழுத்தின் இரண்டாம் வரி மாறும். அது சரியாயின், கன்ட்ரோல்-யு, 0, எஃப்4 என அழுத்துக. காற்புள்ளி கிட்டாத நிலை வரும்வரை தொடர் தானே இயங்கும்.

இங்கு அம்புக்குறி விசையை எண்ணி எண்ணி அழுத்தாமல், காற்புள்ளியைத் தேடியதன் காரணத்தை உணர்தல் வேண்டும். பெயர்களின் நீளம் வரிக்கு வரி வேறுபடும். மேலும், 'கி' என்னும் ஓரெழுத்து கணினியில் இரு குறியீடுகளாகப் பதிகிறது. ஆகவே எழுத்துக் கணக்கை நம்பிய தொடர் அடுத்த பெயரிலேயே தவறக்கூடும்.

எச்சரிக்கை

'கண்ணன்,மு,14' என ஒரு வரியில் இரு காற்புள்ளிகள் இருப்பின், அது 'மு,14,கண்ணன்' என மாறிவிடும். கணினி எதிர்ப்புச் சொல்லாது. சரியான செயலைப் போலவே தவறான செயலையும் அது அயராது செய்யும். எனவே, மூலப் பட்டியலின் படி ஒன்றை முன்னரே தனியே சேமித்து வைத்தல் இன்றியமையாதது. இறுதியில், எண்ணில் தொடங்காத வரிகள் உளவோ எனத் தேடிப் பார்த்து, அவற்றைக் கையால் திருத்துக.

பயிற்சி

'05-06-2012' என்பதை '2012-06-05' ஆக்கும் தொடரை அமைக்க. அதனைப் பத்து வரிகளில் மட்டும் இயக்கிச் சரிபார்த்த பின்னரே முழுப் பட்டியலுக்கும் இயக்குக.