வாய்க்கால் வழியே இரண்டு நாள்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சனி, ஞாயிறுகளில் ஹேர்னிங்கைச் சுற்றிச் சைக்கிளில் போய்வருகிறாய் என்பதை வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு வயலும் காடுமாக இருக்கும் அந்த நிலம் ஒரு காலத்தில் வெறும் புதர்வெளியாகக் கிடந்தது என்று நீயாகவே தேடி அறிந்திருக்கிறாய். தையில் இங்கே வரும்போது வன்னிக்கு ஒரு சனி ஞாயிறுதான் மிஞ்சும், எதையெதைப் பார்க்கலாம் என்று பட்டியல் கேட்டாய். பட்டியல் வேண்டாம் பிள்ளை. ஹேர்னிங்கில் செய்ததையே இங்கேயும் செய்.

அங்கே நீ கண்டுபிடித்தது சின்ன விஷயமில்லை. 1864இல் டென்மார்க் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் போரிட்டுத் தோற்றது. தெற்கே பெரும் நிலத்தை இழந்தது. இரண்டு வருடம் கழித்து, 1866இல், என்ரிகோ டல்காஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் புதர்வெளிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, யூட்லாந்தின் மணல் தரையில் மரம் நட்டு, நீர் பாய்ச்சி, பயிர்நிலமாக்கினார்கள். ஹேர்னிங் ஒரு நகரமாக வளர்ந்ததும் அந்த நிலம் திருந்தியதோடுதான். தோற்ற நாடு தன்னிடம் மிஞ்சிய மண்ணைத் திரும்பிப் பார்த்த கதை அது. இதை அறிந்தவளுக்குக் கிளிநொச்சியைப் புரிந்துகொள்வது கடினமாக இராது. இந்த ஊரும் அப்படி உண்டாக்கப்பட்டதுதான். 1936இல் குடியேற்றத் திட்டம் தொடங்கும்வரை இங்கே பெரும்பாலும் பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காடு.

வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளில் பலர் வன்னியை ஏ9 வீதியில் ஓடும் வாகனத்துக்குள்ளிருந்தே பார்த்துப் போகிறார்கள். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், பிறகு நல்லூர்தான். வேறு சிலர் போர் நடந்த இடங்களுக்கு மட்டும் போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இரண்டு வகையாருக்கும் இங்கே வாழ்கிற சனத்தைத் தெரியாமல் போகிறது. அதனால்தான் சொல்கிறேன், சனிக்கிழமை முழுவதையும் ஒரே ஒரு நீருக்குக் கொடு.

அந்த நீர் கனகராயன் ஆறு. வவுனியாப் பக்கத்தில் தொடங்கி, வடக்கே வந்து, இரணைமடுவில் தேங்கி, மிச்சம் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. விடியற்காலையில் இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நில். 1902இல் தொடங்கிய வேலை, முடிய ஏறத்தாழ 20 வருடம் எடுத்தது. பிறகும் கட்டை உயர்த்தினார்கள். காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் இந்தக் குளத்தை நம்பியிருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் வான் பாய்வதைப் பார்க்க ஊரே திரளும். 2018 டிசம்பரில் அது கொண்டாட்டமாக இருக்கவில்லை. ஓர் இரவுக்குள் வந்த வெள்ளத்தில் வான்கதவுகளைத் திறக்க, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அந்தக் கட்டில் நின்று இரண்டையும் நினைத்துக்கொள்.

பிறகு வாய்க்கால் வழியே நட. குளத்தின் துருசிலிருந்து பெருவாய்க்கால், அதிலிருந்து கிளைவாய்க்கால், அதிலிருந்து வயல் என்று நீர் இறங்கும் ஒழுங்கைப் பார். வழியில் நிற்கும் கமக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சிய நீர்தான். அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் கூடும். நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டத்தைச் சொல்லும். கமக்காரர் அமைப்புகள் வாதாடும். கடைசியில் இருக்கிற நீருக்கேற்ற ஏக்கரைப் பங்கு பிரிப்பார்கள். தன் வயல் முழுவதையும் விதைக்க முடியாதென்று தெரிந்தும் ஒரு கமக்காரர் அந்தப் பங்கீட்டுக்கு உடன்படுகிறாரே, அதுதான் இந்த ஊரின் பெரிய நாகரிகம் என்று நான் நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது இவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதும் அப்போது விளங்கும். யாழ்ப்பாணத்தாருக்குத் தாகம் இல்லையென்று யாரும் சொல்லவில்லை. சிறுபோகத்துக்கே போதாத குளத்தில் இன்னொரு பங்கு எங்கிருந்து வரும் என்றுதான் கேட்டார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்தாருக்காகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள்.

ஒரு கேள்வியோடு நின்றுவிடாதே. வாய்க்கால் நீர் எட்டாத ஊர்களும் இருக்கின்றன. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் போ. 1958, 1977 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வன்னிதான் புகலிடம் கொடுத்தது. காடு வெட்டியது, வயலில் கூலிக்கு நின்றது எல்லாம் அவர்கள். அவர்களில் பலருக்கு நீர்ப்பாசனக் காணி கிடைக்கவில்லை. வன்னியைப் புகழ்ந்து எழுதுகிற எங்கள் ஆட்கள் இதை எழுதத் தயங்குகிறார்கள். நீ அறிந்துகொண்டு போ.

பொழுது சாய்வதற்குள் சுண்டிக்குளம் போய்ச் சேர். 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம். 2015இல் தேசியப் பூங்காவானது. தையில் பூநாரைகளும் வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் நிற்கும். வீதியையும் நடந்து பழகிய பாதையையும் விட்டு விலகாதே. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஓர் அடியும் உள்ளே வைக்காதே. முகமாலைப் பக்கத்தில் போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் எங்கள் ஊர்ப் பெண்கள் முழந்தாளில் இருந்து, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறிக் கண்ணிவெடி எடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கே போ. கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை வொன் டிறிபேர்க் என்ற தளபதி தோற்கடித்ததற்குப் பிரித்தானியர் கல் நட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியன் பிடித்ததற்கு அவர்கள் கல் நடவில்லை. அங்கிருந்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவில். வைகாசிப் பொங்கலுக்குக் கடலிலிருந்து உப்புநீர் எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் அந்த நீரில் விளக்கேற்றுவார்கள். தையில் அதைக் காணமுடியாது. கோவில் வாசலில் நின்றால் நந்திக்கடல் தெரியும், அதுவே போதும்.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் அந்த ஒடுங்கிய நிலத்தில் என்ன நடந்ததென்று உனக்கு அப்பா சொல்லியிருப்பார். அங்கே போகும்போது கைபேசியைப் பையில் வை. யாராவது பேச வந்தால் கேள். பேசாதவர்களிடம் கேள்வி கேட்காதே. அந்தக் கடைசி நாட்களில் சனத்தின் உயிரைப் பிடித்துவைத்தது உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிதான். ஒவ்வொரு மே மாதமும் அதைக் காய்ச்சி ஊற்றுகிறோம். திரும்பி வரும் வழியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்களை நினை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் உட்கார்ந்தவர்கள், தங்கள் பிள்ளைகளைப் பற்றிய பதிலுக்காக வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். பதில் கிடைக்காமலே செத்துப்போனவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

டென்மார்க்குக்குத் திரும்பிய பிறகும் உன் சனி ஞாயிறுகளை விட்டுவிடாதே. பிராண்டே அபிராமி கோவிலுக்கு அப்பாவோடு போய்வருகிறாய், நல்லது. அடுத்து உங்கள் ஊர் நூலகத்தில் 1987ஐத் தேடு. எரிக் நின்-ஹன்சன் என்ற நீதியமைச்சர் தமிழ் அகதிகளின் மனைவி, பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். சட்டப்படி அவர்களுக்கு இருந்த உரிமை அது. விசாரணை நடந்து, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அமைச்சர் குற்றவாளியென்று தீர்ப்பானது. எங்களைப் போன்றவர்களுக்கு இழைத்த அநீதிக்காக ஓர் அரசாங்கம் விழுந்த நாட்டில் நீ வளர்கிறாய். உன் டேனிஷ் சிநேகிதிகளுக்கும் இதைச் சொல்.

கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வா. 1990இலிருந்து 2013 வரைக்கும் கிளிநொச்சிக்கு ரயில் வரவில்லை. பழைய சப்பாத்து ஒரு சோடி கொண்டுவா. வாய்க்கால் கரையில் சேறு இருக்கும். அப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. அறுவடைக்கு ஆள் தேவை, வயல்களின் பழைய பெயர்களில் பாதி அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
சித்தப்பா